பழி லாரிக்கு, அடி பாலத்துக்கு

2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. மதுரவாயலில் இருந்து வாலாஜாபேட்டை வரை சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை இருக்கிற லட்சணத்துக்கு முழுச் சுங்கம் வாங்கக் கூடாது. சாலையைச் சீர்செய்யும்வரை வானகரம், ஸ்ரீபெரும்புதூர் சுங்கச்சாவடிகளில் பாதிதான் வசூலிக்க வேண்டும் என்றது. அந்தச் சாலையில் முதுகு நொந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். நியாயமான உத்தரவுதான். ஆனால் அதற்குக் கிடைத்த கைதட்டலுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. சாலை கெட்டால் நஷ்டம் அதில் போகிறவருக்கு, அவருக்குப் பாதிப் பணத்தை விட்டுக்கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்பது அந்த நம்பிக்கை. அதே சாலை ஏறி இறங்கும் பாலங்களுக்கும் சிறுபாலங்களுக்கும் ஏதாவது ஆயிற்றா என்ற கேள்வி எங்கும் எழவில்லை. அவை சுங்கம் கட்டுவதில்லை, வழக்கும் போடுவதில்லை.

பாலத்தைப் பற்றிப் பேச்சே வராது என்று சொல்லவில்லை. ஒரகடம் சந்திப்பில் டீக்கடையில் நின்றாலும் சரி, ஏதாவது தொழிற்சாலையின் சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் உட்கார்ந்தாலும் சரி, பாலம் கெடுவது ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: ஓவர்லோடு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசானும் 2012-இல் டைம்லரும் ஆலை திறந்தன. அவற்றின் பின்னால் உதிரிபாக ஆலைகள் வரிசையாக வந்தன. இன்று சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையிலும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும் கன்டெய்னர், கார் கேரியர், எஃகுச் சுருள் ஏற்றிய டிரெய்லர், ஜல்லி டிப்பர் என்று ஓயாமல் ஓடுகின்றன. இதையெல்லாம் தினமும் பார்க்கிறவருக்குப் பாரம்தான் எதிரி என்று தோன்றுவதில் வியப்பில்லை. படித்த பொறியாளர்களில் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். சாலையின் மேடுபள்ளம் வண்டிக்கும் பயணிக்கும் உள்ள தொல்லை, பாலத்தின் ஆயுள் எடையைப் பொறுத்தது என்று இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பிரிவினையே தவறு என்பது என் வாதம்.

நிற்கும் லாரி பாலத்துக்குக் கொடுப்பது அதன் எடையை மட்டும்தான். ஓடும் லாரியின் கதை வேறு. அதன் உடல் ஸ்பிரிங் பட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கிளப்பிவிட்டால் வினாடிக்கு ஒன்றரை முதல் நான்கு முறை வரை மேலும் கீழும் ஆடும். அச்சும் சக்கரமும் டயருக்கும் பட்டைக்கும் நடுவே கிடந்து வினாடிக்கு எட்டு முதல் பதினைந்து முறை துள்ளும். இந்த இரண்டு ஆட்டங்களையும் கிளப்பிவிடுவது சாலையின் பரப்புதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 16.7 மீட்டர் போகிறது. ஐந்தரை மீட்டருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் ஏற்ற இறக்கம் இருந்தால் உடல் வினாடிக்கு மூன்று முறை தூக்கிப் போடப்படும். ஒன்றே முக்கால் மீட்டருக்கு ஒரு பேட்ச் என்று ஒட்டுப்போட்டு வைத்திருந்தால் அச்சு துள்ளத் தொடங்கும். வழவழப்பான தளத்தில் இவை இரண்டும் ஏறக்குறைய தூங்கிக்கொண்டிருக்கும்.

பாலத்துக்கும் தன் தாளம் உண்டு. சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகம் பல பத்தாண்டுகளாக லாரி ஓட்டிச் சோதித்த 226 நெடுஞ்சாலைப் பாலங்களின் முடிவுகளை ரெட்டோ கான்டியெனி 1983-இல் தொகுத்து வெளியிட்டார். அந்தத் தொகுப்பின்படி 30 மீட்டர் நீளக் கண், அதாவது இரு தூண்களுக்கு இடைப்பட்ட பாலப்பகுதி, ஏறக்குறைய வினாடிக்கு நான்கு முறை அதிரும். 40 மீட்டர் என்றால் மூன்று முறை. லாரி உடல் ஆடும் எல்லைக்குள் பாலத்தின் தாளம் வந்து விழுகிறது. எல்லாப் பாலத்திலும் எல்லா லாரியும் ஒத்திசைந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஒத்திசையும் இடம் உண்டு, அந்த இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் கை சாலைப் பரப்பு, அவ்வளவுதான். சுவிஸ்காரர்கள் இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று வைத்திருந்தார்கள். பாலத்தின் மேல் குறுக்கே ஒரு பலகையைக் கிடத்தி அதே லாரியை அதே பாலத்தில் ஓட்டினார்கள். எடை மாறவில்லை, பாலமும் மாறவில்லை. பலகை இருந்தபோது அதிர்வு பல மடங்கு எகிறியது.

இதை நம்ப சுவிட்சர்லாந்து வரை போகவும் வேண்டாம். ஒரகடத்தில் டைம்லர் ஆலை வளாகத்துக்குள்ளேயே சோதனைத் தடம் இருக்கிறது. அரசின் வாகன ஆராய்ச்சி மையமும் அதே ஊரில் சோதனைத் தடங்களோடு இயங்குகிறது. லாரி தயாரிப்பவர்கள் எங்கும் தங்கள் தடங்களில் கரடுமுரடான கல் பரப்பை வேண்டுமென்றே பதித்து வைப்பார்கள். பல ஆண்டு ஓட்டத்தில் வரும் விரிசலைச் சில வாரங்களில் வரவழைக்க அதுதான் குறுக்குவழி. அங்கே எடையைக் கூட்டாமலே, பரப்பை மட்டும் கெடுத்தே, இரும்புச் சட்டத்தை உடைத்துக் காட்டுகிறார்கள். அச்சை மேலே தள்ளும் அந்த விசை அதே அளவில் கீழேயும் தள்ளுகிறது. ஆலையின் மதிற்சுவருக்கு உள்ளே மேடுபள்ளம் எஃகை உடைக்கும் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு நிரூபிக்கும் வட்டாரம், கேட்டுக்கு வெளியே வந்ததும் அது வெறும் முதுகுவலிச் சமாச்சாரம் என்று பேசுகிறது.

படித்தவர்கள் இந்த இடத்தில் ஒரு பதில் வைத்திருப்பார்கள்: வடிவமைக்கும்போதே, ஓடும் வண்டியின் அதிர்வுக்காக எடையோடு கூட்டிக்கொள்ளும் தாக்கக் காரணியைச் சேர்த்திருக்கிறோமே, அதற்குள் எல்லாம் அடக்கம். சரி, அந்தக் காரணியைப் பார்ப்போம். இந்தியச் சாலை மாநாட்டின் ஐஆர்சி 6 விதித்தொகுப்பில், கான்கிரீட் பாலத்துக்கு ஏ வகுப்பு எனப்படும் மாதிரி வண்டிக்கான தாக்கக் காரணி, 4.5 என்பதைக் கண்ணின் நீளத்தோடு 6 கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் கிடைப்பது. 12 மீட்டர் கண்ணுக்கு 25 சதவீதம், 30 மீட்டருக்கு 12.5 சதவீதம். வாய்ப்பாட்டில் மாறக்கூடியது ஒன்றே ஒன்று, கண்ணின் நீளம். நேற்றுப் போட்ட தளமும் நாலு மழை தின்ற தளமும் அதற்கு ஒன்றே. வடிவமைப்பவருக்கு இது வசதி. இருபது ஆண்டு கழித்துச் சாலை எப்படி இருக்கும் என்று அவர் எப்படிச் சொல்வார்? ஆகவே ஒரு சராசரியை வைத்துக்கொண்டார்கள். சராசரியை வைத்துக் கட்டிய பாலத்தை, எந்தப் பரப்பையும் தாங்கும் என்ற உத்தரவாதமாகப் படிப்பது படிப்பவரின் பிழை.

மற்ற நாட்டு விதிகள் இதைக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்கின்றன. அமெரிக்க ஆஷ்டோ விதியில் பாலத்தின் பொதுவான பாகங்களுக்கு 33 சதவீதம் அதிர்வுக் கூடுதல். கண்கள் விரிந்து சுருங்க இடம்விடும் மூட்டான எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டுக்கு மட்டும் 75. ஐரோப்பிய விதி, திரும்பத் திரும்ப ஏறும் பாரத்தால் வரும் களைப்பு முறிவுக் கணக்கில், தளம் நல்ல நிலையில் இருப்பதாக எடுத்துக்கொண்டு, ஜாயின்ட்டில் இருந்து ஆறு மீட்டருக்குள் வரும் பகுதிக்கு 30 சதவீதம் வரை கூடுதலாகச் சேர்க்கச் சொல்கிறது. வண்டி எங்கே தூக்கிப் போடுகிறதோ அங்கே எடை வேறு எடையாகிவிடுகிறது என்பதை இரண்டு கண்டத்துப் பொறியாளர்களும் எழுதியே வைத்துவிட்டார்கள்.

எடைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2018 ஜூலையில் மத்திய அரசு நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சின் வரம்பை 10.2 டன்னில் இருந்து 11.5 டன்னுக்கு உயர்த்தியது. பாலம் தாங்குமா என்று அப்போது எவ்வளவோ பேச்சு. கூடியது 13 சதவீதம்கூட இல்லை. இப்போது சட்டப்படி 11.5 டன் ஏற்றி வந்த அச்சு ஒன்று ஜாயின்ட்டில் மோதுகிறது. அமெரிக்கக் கணக்கில் அது 20 டன். கால் பங்கு ஓவர்லோடு ஏற்றிய 14.4 டன் அச்சு ஜாயின்ட்டைத் தாண்டிப் பாலத்தின் நடுவே போகிறது. அதே கணக்கில் 19 டன். ஒழுங்காக எடை போட்டு வந்தவர் கொடுக்கும் அடி, விதியை மீறியவர் கொடுக்கும் அடிக்குச் சற்று மேலே. ஓவர்லோடுகாரரும் அதே ஜாயின்ட்டைத் தாண்டித்தான் வந்தார், அவர் கொடுத்தது 25 டன் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். பாரமும் பரப்பும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. பெருக்கலில் ஒரு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு விடை தெரியும் என்கிறார்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

டிரெய்லர் ஓட்டும் ஒருவர் டீக்கடையில் சொன்னது இதைவிடத் தெளிவு. "லோடு இருந்தா வண்டி அமுங்கிப் போகும் சார். காலி வண்டிதான் குதிக்கும். ஜாயின்ட் வந்தா ஸ்டியரிங்கையே பிடுங்கும்." சோதனைகளில் கண்டதும் இதுதான்: எடை கூடக் கூட அதிர்வின் விகிதம் குறையும், இலேசான வண்டியே தன் எடைக்குப் பொருந்தாத அளவுக்குக் குதிக்கும். எடைமேடையில் கைவீசி அனுப்பப்பட்ட காலி டிரெய்லர் பாலத்தை ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் அத்தோடு போயிற்று. விகிதம் பெரிதானாலும் மொத்த விசையில் பாரவண்டியே முந்தும் என்பது உண்மை. ஆனால் காலி வண்டிகளின் எண்ணிக்கை கணக்கில் வராமல் போகிறது, அதுவும் உண்மை.

அடி எங்கே விழுகிறது என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். இந்த வட்டாரத்தில் ஏதாவது ஒரு பாலத்தின் ஓரமாக நின்று ஜாயின்ட்டைப் பாருங்கள். முதல் உடைப்பு பெரும்பாலும் ஜாயின்ட்டிலேயே இருக்காது; போக்குவரத்து போகும் திசையில் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, சக்கரம் எகிறிப் போய் இறங்கும் இடத்தில், தார் நசுங்கி வலைப்பின்னலாக விரிந்திருக்கும். அங்கே ஒரு பேட்ச். அந்த பேட்ச் மேடாகிவிட்டதால் இன்னும் நாலு மீட்டர் தள்ளி அடுத்த உடைப்பு, அதற்கும் ஒரு பேட்ச். அமெரிக்காவின் இல்லினாய்ஸில் 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ சாலைச் சோதனையில் கண்டறிந்தபடி, தளத்தின் சேதம் அச்சு எடையின் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் ஏறும். எகிறி விழும் இடத்தில் விசை 30 சதவீதம் கூடினால் சேதம் மூன்று மடங்கை நெருங்கும். மேடு விசையைக் கூட்டுகிறது, விசை பள்ளத்தைத் தோண்டுகிறது, பள்ளம் மறுபடி விசையைக் கூட்டுகிறது. பிறகு பாலத்துக்கு அடியில் போய்ப் பாருங்கள். ஜாயின்ட்டின் ரப்பர் கிழிந்து மழைநீர் இறங்கிய கறை தூணின் தலையில் கறுப்பாகப் படிந்திருக்கும். பாலத்தைத் தாங்கும் பேரிங் உட்கார்ந்திருப்பது அங்கேதான். பாலம் பெரும்பாலும் நடுவில் முறிவதில்லை. இப்படி ஓரத்தில் இருந்து, மூட்டில் இருந்து, நீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்துக் கெடுகிறது.

நம் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வழித்தடத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். இது ஏரிகளின் நாடு. செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் என்று ஏரியும் கலங்கலும் வரத்துக்கால்வாயும் பின்னிக்கிடக்கும் நிலத்தின் மேல்தான் சாலை போகிறது. ஆகவே இங்கே மேம்பாலங்களைவிடக் குட்டைக் கண் உள்ள சிறுபாலங்களே அதிகம். நீண்ட பாலத்தில் ஒரு சக்கரத்தின் துள்ளல் மொத்த எடையில் கரைந்துவிடும். ஐந்து மீட்டர் சிறுபாலத்தில் அந்த ஒரு அச்சுதான் மொத்த எடையே. அச்சுத் துள்ளலின் வேகமும் குட்டைப் பாலத்தின் இயல்பான அதிர்வும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும். இதில் மண் வேறு சேர்ந்துகொள்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் களிமண்ணும் களிப்பாறையும் பரவலாக உண்டு. பாலத்தின் கரைத்தூண் உறுதியான அடித்தளத்தில் அசையாமல் நிற்க, அதன் முதுகில் கொட்டிய மண் ஆண்டுக்கு ஆண்டு அமுங்கும். இந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான் அணுகு பலகம் என்று குறைந்தது மூன்றரை மீட்டர் நீளக் கான்கிரீட் பலகத்தைப் போடச் சொல்கிறது விதி. 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்தப் பலகத்தைக் கடக்க வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகிறது. அதன் ஒரு முனை 35 மில்லிமீட்டர் இறங்கிவிட்டால் நூற்றுக்கு ஒன்று சரிவு. அமெரிக்கப் பொறியாளர்கள் இருநூற்றுக்கு ஒன்றைத் தாண்டினாலே சீர்செய்யச் சொல்வது வழக்கம்.

சரி, வேகத்தைக் குறைத்துவிட்டால்? பாலத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடையைப் போடு என்பது நம்மூரில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து. 30 கிலோமீட்டர் வேகத்தில் வேகத்தடை ஏறி இறங்கும் லாரியின் உடல் வினாடிக்கு இருமுறை ஆடுகிறது என்று வையுங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அது நான்கு மீட்டர் நகர்கிறது. மூன்று நான்கு ஆட்டமாவது ஆகாமல் அது அடங்காது. பாலத்தின் வாசலில் இருந்து பன்னிரண்டு, பதினைந்து மீட்டருக்குள் வேகத்தடை இருந்தால் லாரி ஆடிக்கொண்டேதான் பாலத்தில் கால் வைக்கும். விபத்தைத் தடுக்க வேகத்தடை தேவைப்படும் இடங்கள் உண்டு; அங்கே தடையைப் பாலத்தில் இருந்து சற்றுத் தள்ளி அமைக்கலாம். பாலத்தைக் காப்பாற்ற அது வழி என்பது மட்டும் பொய்.

இன்னொரு மருந்து, மேலே மேலே தார் போடுவது. 30 மீட்டர் நீளமும் ஏழரை மீட்டர் அகலமும் உள்ள கண்ணின் மேல் 50 மில்லிமீட்டர் தார்க்கலவை போட்டால் கூடுவது ஏறக்குறைய 26 டன். லாரியை எடைமேடையில் ஏற்றி ஒரு டன் கூடுதலுக்கு அபராதம் போடுகிறவர்கள் இந்த 26 டன்னை ஒரே இரவில் ஏற்றிவிட்டுப் போகிறார்கள், நிரந்தரமாக. ஜாயின்ட்டின் உயரமும் அதே அளவு கூடினால் பரவாயில்லை; அது பழைய மட்டத்திலேயே கிடக்க, இருபுறமும் தார் எழும்பி நடுவே பள்ளக்கோடு விழுகிறது. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். சாலை உயர்ந்து வீடுகள் தாழ்ந்து மழைநீர் உள்ளே வருகிறது என்பதே அதையொட்டிப் பேசப்பட்ட காரணம். வீடு பேசப்பட்டது, பாலம் பேசப்படவில்லை. சுங்க வழக்கிலும் இதேதான் நடந்தது.

அளக்கத்தான் செய்கிறோமே என்பார்கள். பம்ப் இன்டக்ரேட்டர் என்ற கருவியை வண்டியின் பின்னால் இழுத்துச் சென்று, சக்கரம் எவ்வளவு எழும்பியது என்பதைக் கூட்டிக்கொண்டே போய் கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்கிறோம். 2004-ஆம் ஆண்டின் இந்திய வழிகாட்டியில் தார்க் கான்கிரீட் சாலைக்கு 2000-க்குக் கீழே என்றால் நல்லது. அந்தக் கிலோமீட்டரில் 25 மில்லிமீட்டர் படி வைத்த ஜாயின்ட் இரண்டு இருக்கிறது என்று வையுங்கள். அவை கூட்டுவது ஐம்பது சொச்சம். மொத்தத்தில் இரண்டரை சதவீதம். சாலை "நல்லது" என்று சான்று வாங்கிவிடும். பாலம் ஒவ்வொரு அச்சுக்கும் அடி வாங்கிக்கொண்டிருக்கும். பயணியின் சுகத்தை அளக்க இந்தச் சராசரி போதும். பாலம் அடி வாங்குவது சராசரியில் அல்ல, அந்த இரண்டு இடத்தில்.

எதிர்த்திசையில் போகும் ஒரு மூடநம்பிக்கையும் இருக்கிறது. அதற்கும் நான் உடன்பட மாட்டேன். 2025 ஜூலை 9 அன்று குஜராத்தில் கம்பீரா பாலம் இடிந்து சுமார் இருபது பேர் இறந்த பிறகு, பாலம் ஆடுவதைக் கைப்பேசியில் எடுத்து இதுவும் விழப்போகிறது என்று பரப்புவது பெருகிவிட்டது. அங்கே பீடமும் மூட்டும் நொறுங்கியதே காரணம் என்று மாநில அரசு சொன்னது. சாலைப் பரப்பை அதில் இழுப்பது நேர்மையல்ல. எல்லாப் பாலமும் ஆடும். ஆடாத பாலம் கட்டவும் முடியாது. பாலத்தின் மேல் நடப்பவருக்கு உள்ளங்காலில் தெரியும் அதிர்வுக்கும் கான்கிரீட்டுக்குள் ஏறும் தகைவுக்கும் நேர் உறவு இல்லை. கவனிக்க வேண்டியது வேறு: ஆறு மாதத்துக்கு முன்பு சாதுவாக இருந்த பாலம் இப்போது அதே லாரிக்கு அதிகம் அதிர்கிறது என்றால், பாலத்தைச் சந்தேகிக்கும் முன் அதன் வாசலில் தளம் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் செலவு குறைந்த பதில் அங்கே கிடைக்கும்.

ஓவர்லோடு வாதம் இவ்வளவு செல்வாக்கோடு நிற்பதற்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்குப் படுகிறது. அது பழியை எப்போதும் லாரிக்காரர் தலையில் வைக்கிறது. அவரை நிறுத்தலாம், அபராதம் போடலாம், படமெடுத்துச் செய்தி போடலாம். மட்டம் தவறிய ஜாயின்ட்டுக்கு யாரை நிறுத்துவது? சாலை போடுகிறவருக்குப் பாலத்தின் வாசல் வரைதான் ஒப்பந்தம், பாலத்தைக் கவனிக்கிறவருக்கு வாசலுக்கு உள்ளேதான். அணுகு பலகம் இருவருக்கும் நடுவில் அனாதையாகக் கிடக்கிறது. 2022 தொடக்கத்தில் மாமண்டூர் பாலாற்றுப் பாலத்தைப் பழுதுபார்க்கப் போக்குவரத்தைத் திருப்பிவிட்டபோது ஜிஎஸ்டி சாலை பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். ஒரகடம் போன்ற இடத்தில், உதிரிபாகம் மணிக்கணக்குப் பார்த்து ஆலைக்குள் போக வேண்டிய சாலையில், ஒரு பாலத்தை மூடுவதன் விலையை ஆலைகளே சொல்லட்டும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னும் பின்னும் முப்பது மீட்டரையும் பாலத்தின் மேல் தளத்தையும் சேர்த்து ஒரே ஆளின் பொறுப்பில் விட வேண்டும். கிலோமீட்டர் சராசரியில் கரைக்காமல், மூன்று மீட்டர் நேர்கோல் வைத்து ஒவ்வொரு ஜாயின்ட்டின் இரு பக்கமும் படி எத்தனை மில்லிமீட்டர் என்று ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், எழுதி வைக்க வேண்டும். பாலத்தின் மேல் தார் போடுமுன் பழையதைச் சுரண்டி எடுத்த அளவை ஒப்பந்தக்காரரின் பில்லில் காட்டச் சொல்ல வேண்டும். நேர்கோல் எல்லாத் தளப் பணியிலும் ஏற்கெனவே இருக்கிறது, சுரண்டச் சொல்லும் உத்தரவும் இருக்கிறது. அடுத்த மறுதளப் பணிக்கான டெண்டரில் இந்த வரிகளைச் சேர்க்க நீதிமன்றம் வரை போகத் தேவையில்லை. டெண்டர் எழுதுகிற பொறியாளர் மனம் வைத்தால் போதும்.